மீட்டர் விளக்கும் ரேடியோ விளக்கும் அணைந்தால்: பழைய காரில் பழுதைத் தேடிப் பிடிக்கும் முறை

பழைய காரில் இரவு நேரத்தில் மீட்டர் போர்டு இருண்டுபோனால் அதை அவசரமான பழுதாக எண்ணுபவர்கள் குறைவு. எஞ்சின் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது, ஆகவே "மீட்டர் லைட்டு தானுங்களே, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போடக் கூடாது. பல பழைய வண்டிகளில் மீட்டர் போர்டின் வெளிச்சம், ரேடியோவின் பின்வெளிச்சம், ஹீட்டர் மற்றும் ஏசி குமிழ்களின் வெளிச்சம் ஆகியவற்றுக்கு மின்சாரம் தரும் அதே பியூஸ்தான் பின்பக்கச் சிவப்பு விளக்குகளுக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் மின்சாரம் தருகிறது. அந்தப் பியூஸ் போய்விட்டால் ஓட்டுநருக்குத் தெரிவது கண்முன்னே உள்ள சிறிய இருட்டு மட்டுமே. பின்னால் வருபவருக்கு வண்டியே தெரியாமல் போய்விடுகிறது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போய்வருகிறவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தச் சாலையில், மழைக்காலத்திலும் அதைத் தொடரும் குளிர்காலத்திலும் மூடுபனி இறங்கிவிட்டால், முன்னால் போகும் வண்டி இருப்பதை அறிய அதன் சிவப்பு விளக்கைத் தவிர வேறு வழி கிடையாது. எனவே மீட்டர் விளக்கு அணைந்ததும் முதலில் செய்ய வேண்டியது டேஷ்போர்டைக் கழற்றுவது அன்று. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, விளக்கு ஸ்விட்சை முதல் நிலையில் வைத்து, இறங்கிப் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். இரண்டு சிவப்பு விளக்குகளும் நம்பர் பிளேட் விளக்கும் எரிகின்றனவா என்ற இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை, பழுது தேடும் வேலையில் பாதியை முடித்துவிடும். பின்விளக்குகளும் சேர்ந்து அணைந்திருந்தால் பழுது பியூஸிலோ, விளக்கு ஸ்விட்சிலோ, அவற்றுக்கிடையே உள்ள ஒயரிலோ இருக்கிறது. பின்விளக்குகள் நன்றாக எரிந்து மீட்டரும் ரேடியோவும் மட்டும் இருண்டிருந்தால், அவற்றுக்கெனத் தனி பியூஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிம்மரிலும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்), கப்ளர்களிலும் (ஒயர்களை இணைக்கும் பிளக்குகள்), எர்த்திலும் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) தேட வேண்டும். ஒரு மூலை மட்டும் இருண்டிருந்தால் அது பெரும்பாலும் ஒரு பல்பு அல்லது அதன் ஹோல்டர்.

எந்த விளக்கு அணைந்தது என்பதைத் தெளிவாகப் பிரித்தல்

மீட்டர் போர்டில் இரண்டு வகை விளக்குகள் உள்ளன. ஒன்று, எண்களையும் முட்களையும் இரவில் காட்டும் வெளிச்ச விளக்குகள். இவை விளக்கு ஸ்விட்சைத் திருப்பினால் எரியும். மற்றொன்று, ஆயில், பேட்டரி, கைப் பிரேக் போன்ற எச்சரிக்கை விளக்குகள். இவை சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும். இரண்டின் மின்பாதையும் வேறு. இவற்றைக் குழப்பிக்கொண்டு "மீட்டர் லைட் எதுவும் வரவில்லை" என்று எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் அவர் தேட வேண்டிய இடமே மாறிவிடும்.

எச்சரிக்கை விளக்குகளில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கைத் தனியாகக் கவனியுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் இந்தப் பல்பின் வழியாகத்தான் செல்கிறது. அந்தப் பல்பு எரிந்துபோனால் எச்சரிக்கை இல்லாமல் போவதோடு, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காமலும் போகலாம். சாவியைத் திருப்பும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால், மற்ற வெளிச்ச விளக்குகளுக்கு முன்னால் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

ரேடியோவைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது, பாட்டு வருகிறதா என்பது. பாட்டு வந்து பொத்தான்களின் வெளிச்சம் மட்டும் இல்லையென்றால் ரேடியோவின் பிரதான மின்சாரமும் எர்த்தும் பெரும்பாலும் சரியாகவே உள்ளன. மீட்டரும் ரேடியோவும் ஒரே நாளில் இருண்டிருந்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் பழுதைத் தேடுங்கள். தனித்தனியாக இரண்டு பொருள்கள் ஒரே இரவில் பழுதாவது அரிது.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், 10 ஆம் நம்பர் ஸ்பேனர், நட்சத்திர முனையும் தட்டை முனையும் கொண்ட ஸ்க்ரூ டிரைவர்கள், பிளாஸ்டிக் ஆப்பு, பென்சில் அழிப்பான், இன்சுலேஷன் டேப், அதே அளவுள்ள மாற்று பியூஸ்கள் ஆகியவை போதும். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருங்கள். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் உறை போட்ட ஒயரையும் மஞ்சள் கப்ளரையும் டெஸ்ட் லேம்பாலோ மீட்டராலோ தொடவே கூடாது. பழைய ரேடியோக்களில் சிலவற்றுக்கு, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இரகசிய எண் கேட்கும் பூட்டு உண்டு. அந்த எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பியூஸ்

பியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்திலோ கையேட்டிலோ "டெயில்", "மீட்டர்", "இல்லுமினேஷன்" என்ற பெயர்களில் எது இருக்கிறதோ அந்தப் பியூஸைத் தேடுங்கள். தட்டை வகைப் பியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லும்: 7.5 ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பியூஸை வெளியே எடுத்துக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கம்பி அறுந்திருப்பது கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை வெடிப்பாக இருக்கலாம். பியூஸ் இருக்கும் இடத்திலேயே, விளக்கு ஸ்விட்சைப் போட்டுக்கொண்டு, டெஸ்ட் லேம்பின் கவ்வியைப் பாடியின் வெற்று உலோகத்தில் மாட்டி, பியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் அதன் முனையால் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் லேம்ப் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் மின்சாரம் பியூஸ் வரைக்குமே வரவில்லை, அதாவது ஸ்விட்சையோ அதற்கு முந்தைய இணைப்பையோ பார்க்க வேண்டும்.

பியூஸ் நல்லதாக இருந்தும் அது உட்காரும் பித்தளைக் கவ்வி தளர்ந்தோ களிம்பேறியோ இருந்தால் அங்கே சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருகத் தொடங்கும். மலையில் வெகுநாள் நின்ற வண்டிகளில் பச்சைக் களிம்பும், சமவெளி வெயிலில் நின்ற வண்டிகளில் நொறுங்கும் பிளாஸ்டிக்கும் சாதாரணம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் மாறிமாறி ஓடும் வண்டியில் இரண்டையும் எதிர்பார்க்கலாம்.

புதிய பியூஸ் போடும்போது அதே ஆம்பியர் அளவையே போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடும் வழக்கத்தை இன்றும் சில வண்டிகளில் காணும்போது வருத்தமாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: பின்னால் 5 வாட் பல்புகள் இரண்டு, முன்னால் பார்க்கிங் பல்புகள் 5 வாட் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு 5 வாட் ஒன்று, மீட்டருக்குள் சுமார் 3 வாட் பல்புகள் நான்கு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40 வாட்டுக்குள் அடங்கும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் பியூஸ் இந்தச் சுமையால் ஒருபோதும் உருகாது. அது உருகுகிறது என்றால் எங்கோ ஒயர் பாடியைத் தொடுகிறது. அதற்குப் பதிலாக 20 ஆம்பியர் போட்டால் உருக வேண்டிய இடம் பியூஸிலிருந்து ஒயருக்கு மாறும், அந்த ஒயரோ டேஷ்போர்டின் பஞ்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஓடுகிறது.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால்

இந்த நிலையில் பியூஸ்களை வாங்கி வாங்கிப் போட்டு எரிப்பதை விட நல்ல வழி உண்டு. பியூஸ் இருந்த இடத்தில், இரண்டு ஒயர் துண்டுகளின் உதவியால், பிரேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். பின்விளக்கு, பார்க்கிங், நம்பர் பிளேட் பல்புகள் அனைத்தையும் ஹோல்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது ஸ்விட்சைப் போட்டால், மீட்டர் பல்புகள் மட்டும் எடுக்கும் சிறிய மின்னோட்டத்தால் அந்த 21 வாட் பல்பு மங்கலாகச் சிவக்கலாம், அது இயல்பு. முழு ஒளியுடன் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சந்தேகப்படும் ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தும், கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றியும் வாருங்கள். எந்தக் கப்ளரைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ, அந்தக் கிளையில் ஷார்ட் இருக்கிறது. எவ்வளவு நேரம் தேடினாலும் பல்பு மின்னோட்டத்தை 2 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்திவைப்பதால் ஒயர் கருகாது. பல்பு சூடாகும் என்பதால் அதைச் சீட்டின் மீதோ கார்ப்பெட்டின் மீதோ வைக்காமல் தொங்கவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் ரேடியோவின் பின்புறத்தைத்தான் சொல்வேன். பழைய கேசட் ரேடியோவை எடுத்துவிட்டுப் புதிய செட் போட்ட வண்டிகளில், காரின் பழைய கப்ளரை அறுத்து, தேவையான ஒயர்களை மட்டும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, ரேடியோ வெளிச்சத்துக்கான ஒயரை வேண்டாததென்று டேப் கூடச் சுற்றாமல் விட்டிருப்பார்கள். அந்த ஒயர் டெயில் பியூஸோடு சேர்ந்தது. வண்டி மேடுபள்ளத்தில் குலுங்கும்போது அதன் வெற்று முனை ரேடியோவின் உலோகக் கூட்டைத் தொட்டதும் மீட்டர், ரேடியோ, பின்விளக்கு மூன்றும் ஒரே நொடியில் அணையும். ஓட்டுநருக்கோ ரேடியோ போட்டு மாதக்கணக்கான பிறகு வந்த இந்தப் பழுதுக்கும் ரேடியோவுக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றாது.

அடுத்த இடம் டிக்கி மூடியின் கீல். நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் ஒயர் டிக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் மாருதி 800-இல் நான் பார்த்தது நினைவில் நிற்கிறது: ஒயரின் மேலுறை கீலுக்கு அருகே ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடித்து, உள்ளே செம்புக் கம்பிகள் பச்சையாகப் பூத்து, அவற்றில் பாதி அறுந்து, மீதி பாடியின் விளிம்பில் உரசிய இடத்தில் பெயிண்ட் போய்க் கரும்புள்ளி விழுந்திருந்தது. டிக்கி மூடியிருக்கும்போது மட்டும் ஷார்ட் ஆகும்; திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இத்தகைய இடத்தில் டேப் சுற்றுவது தற்காலிகம். வெடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே பருமனுள்ள மென்கம்பி ஒயரைச் சேர்த்து ஈயம் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு, மடங்கும் இடத்துக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

டிம்மர்

பியூஸ் சரியாக இருந்து, பின்விளக்கும் எரிந்து, மீட்டர் மட்டும் இருண்டிருந்தால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சக்கரம் உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டைத் துணியால் துடைக்கும்போதோ, குழந்தைகள் முன்சீட்டில் விளையாடும்போதோ அது கடைசிவரை குறைக்கப்பட்டிருக்கலாம். அதைக் கூட்டியும் பயன் இல்லையென்றால், இரண்டு எல்லைகளுக்கும் இடையே பலமுறை உருட்டுங்கள். பழைய டிம்மர் என்பது சுருட்டிய மின்தடைக் கம்பியின் மீது நகரும் ஒரு சிறு உலோகக் கை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தொடுமிடத்தில் களிம்பு படிந்துவிடும். உருட்டும்போது விளக்குகள் மினுக்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் தெளித்து உருட்டினால் பல வேளைகளில் சரியாகும். கம்பியே அறுந்திருந்தால் மாற்ற வேண்டும்.

உறுதிசெய்ய, டிம்மரின் கப்ளரைக் கழற்றி, அதன் உள்வரும் ஒயருக்கும் வெளிச்செல்லும் ஒயருக்கும் இடையே ஒரு பியூஸ் வைத்த சிறு ஒயர் துண்டால் பாலம் போட்டுப் பாருங்கள். மீட்டர் முழு ஒளியுடன் எரிந்தால் டிம்மர்தான் பழுது. ஆனால் மூன்று ஒயர் கொண்ட, உள்ளே மின்னணுச் சுற்று உள்ள டிம்மரில் இந்தப் பாலத்தைப் போடாதீர்கள். அங்கே மூன்றாவது ஒயர் எர்த்தாக இருக்கும், தவறாகச் சேர்த்தால் நேரடி ஷார்ட் ஆகிவிடும். வண்டியின் ஒயரிங் படம் கையில் இருந்தால் மட்டுமே அதில் இறங்குங்கள்.

ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லா வண்டியிலும் டிம்மர் பாசிட்டிவ் பக்கத்தில் இருப்பதில்லை. சில வண்டிகளில், குறிப்பாக ஜப்பானிய வடிவமைப்பில் வந்தவற்றில், பல்புகளுக்கு முழு 12 வோல்ட் நேரடியாக வந்து, எர்த் திரும்பும் பாதையில் டிம்மர் அமைந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ரேடியோ மாட்டுபவர் அந்த எர்த் பக்க ஒயரைச் சாதாரண எர்த் என்று நினைத்துப் பாடியுடன் சேர்த்துவிட்டால் மீட்டர் எப்போதும் முழு ஒளியிலேயே எரியும், டிம்மர் வேலை செய்யாது. அதே ஒயரை ரேடியோவின் கறுப்பு எர்த் ஒயரோடு சேர்த்துவிட்டாலோ, விளக்கைப் போடும்போது ரேடியோ தடுமாறும், மீட்டர் வெளிச்சமும் ஒழுங்காக வராது. காரணம் தெரியாதவர்கள் ரேடியோவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மீட்டர் போர்டைக் கழற்றிப் பல்பைப் பார்த்தல்

பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிய பிறகே இதைத் தொடங்குங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள மூடியின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் மேல் விளிம்பின் உட்புறம் மறைந்திருக்கும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கொக்கிகள் எளிதில் முறியும் என்பதால், விடியற்காலை மலைக்குளிரில் விறைத்திருக்கும் வண்டியில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கேபிள் வகை ஸ்பீடோமீட்டராக இருந்தால் மீட்டர் சிறிது தூரமே முன்னால் வரும். கையைப் பின்னால் விட்டுக் கேபிளின் கொக்கியை அழுத்தி விடுவிக்க வேண்டும். இழுத்தால் கேபிளின் பிளாஸ்டிக் கழுத்து உடையும்.

மீட்டரின் முதுகில் பல்பு ஹோல்டர்கள் தெரியும். அவற்றை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் வெளியே வரும். வெளிச்சத்துக்கு, உலோக அடிப்பகுதி இல்லாத கண்ணாடிப் பல்புகள்தான் அதிகம். பெரியவை டி10, சிறியவை டி5 என்று கடைகளில் கேட்டு வாங்கலாம். வாட் அளவு வண்டிக்கு வண்டி மாறுவதால் பழைய பல்பையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதிக வாட் போட்டால் வெளிச்சம் கூடும் என்று எண்ணி வாங்காதீர்கள்; கூடுதல் சூட்டில் ஹோல்டரும் எண்பலகையின் வண்ணத்தாளும் உருகிவிடும். ஒரு பல்பு போயிருந்தால் மற்றவற்றின் கண்ணாடியையும் பாருங்கள். உட்புறம் கறுத்திருந்தால் அந்தப் பல்பும் அதிக நாள் தாங்காது. மீட்டரைக் கழற்றுவது சிரமமான வேலை என்பதால் எல்லா வெளிச்சப் பல்புகளையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதே சிக்கனம்.

பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் ஹோல்டரின் இரு பக்கச் செம்பு நாக்குகளையும், அவை தொடும் அச்சுச் சுற்றையும் கவனியுங்கள். பழைய மீட்டர்களில் இந்தச் சுற்று, மெல்லிய வளையும் தாளில் ஒட்டிய செம்புத் தடங்களாக இருக்கும். தடம் மங்கி இருண்டிருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தாலே பளிச்சென்று வந்துவிடும். உப்புத்தாளைப் பயன்படுத்தினால் தடமே போய்விடும். ஹோல்டரின் நாக்கை மிகச் சிறிதளவு மேலே தூக்கிவிட்டால் அழுத்தம் கூடும். தடம் வெடித்திருந்தால், அதன் இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய ஒயரை விரைவாக ஈயம் வைத்து இணைக்கலாம். அதிக நேரம் சூடு காட்டினால் தாள் சுருங்கிவிடும். துருநீக்கி எண்ணெயை மீட்டருக்குள் தெளிக்கவே வேண்டாம். அது எண்பலகையில் படிந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எர்த்

விளக்குகள் அணையாமல் மங்கலாக மட்டும் எரிகின்றன என்றால் எர்த்தையே முதலில் சந்தேகியுங்கள். சிறிய பல்பின் ஒளி, மின்னழுத்தம் குறைவதை விட வேகமாகக் குறையும். 12 வோல்ட்டுக்குப் பதிலாக 10.5 வோல்ட் கிடைத்தால் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அளந்து பார்க்கும் முறை எளிது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போது, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், நீண்ட ஒயர் சேர்த்த மறுமுனையை மீட்டர் கப்ளரின் எர்த் முள்ளிலும் வையுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டோ ஒரு வோல்ட்டோ காட்டினால், டேஷ்போர்டுக்குக் கீழே பாடியில் இறுக்கியிருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் நீங்கும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவுங்கள்.

மிகவும் விசித்திரமாகத் தோன்றும் பழுது ஒன்று உண்டு: விளக்கு ஸ்விட்ச் அணைந்திருக்கையில் பிரேக் மிதித்தால் மீட்டர் லேசாக ஒளிரும், அல்லது இண்டிகேட்டர் போட்டால் மீட்டரும் ரேடியோவும் அதே தாளத்தில் மினுக்கும். பழுது டேஷ்போர்டில் இல்லை. பின்விளக்கின் எர்த்தில் இருக்கிறது. பின்விளக்கில் போடும் 21/5 வாட் இரட்டை இழை பல்பில் பிரேக் இழையும் டெயில் இழையும் ஒரே எர்த்தைப் பகிர்கின்றன. அந்த எர்த் அறுந்தால் பிரேக் இழைக்குள் வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியின்றி டெயில் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, டெயில் ஒயரில் ஏறி, மீட்டர் விளக்குகள் வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. பின்விளக்குக் கூட்டுக்குள் மழைநீர் இறங்கித் தகடு துருப்பிடித்த வண்டிகளில் இது அடிக்கடி வரும். இரட்டை இழை ஹோல்டரில் ஒற்றை இழை பல்பைத் திணித்திருந்தாலும் இதே குறி தோன்றலாம். எனவே பல்பைக் கழற்றி அடிப்பகுதியில் ஈயப்புள்ளி ஒன்றா இரண்டா என்று பார்த்துவிடுங்கள்.

ரேடியோ

சந்தையில் வாங்கிப் போட்ட செட்டுகளில் ஒயர் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: மஞ்சள் பேட்டரியிலிருந்து நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவி திருப்பினால் வரும் மின்சாரம், கறுப்பு எர்த், ஆரஞ்சு வெளிச்சக் கட்டுப்பாடு. காரின் பக்கத்து ஒயர் நிறங்களை நம்பி இவற்றை இணைக்கக் கூடாது. அவை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆகவே மீட்டரால் அளந்தே சேர்க்க வேண்டும். இத்தகைய செட்டுகளில் பலவற்றின் வெளிச்சம் சிவப்பு ஒயரிலிருந்தே வருகிறது. ஆரஞ்சு ஒயரின் வேலை, இரவில் கண் கூசாதபடி திரையை மங்கச் செய்வது. "லைட் போட்டால் ரேடியோ இருண்டுவிடுகிறது" என்ற புகார் பல வேளைகளில் பழுதே ஆகாது. செட்டின் மெனுவில் டிம்மர் அமைப்பைப் பாருங்கள். ஆரஞ்சு ஒயரை இணைக்க விருப்பமில்லையென்றால் அதன் முனையைத் தனியாக உறையிட்டுக் கட்டுங்கள்.

வண்டியோடு வந்த பழைய கேசட் ரேடியோவில் நிலைமை நேர்மாறு. அதன் பொத்தான்களுக்குப் பின்னால் அரிசி அளவுள்ள சிறு பல்புகள் இருக்கும், அவை டேஷ்போர்டின் வெளிச்ச ஒயரிலிருந்து மின்சாரம் பெறும். ரேடியோவை வெளியே எடுத்து, கப்ளரில் அந்த ஒயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று முதலில் அளங்கள். அங்கே மின்சாரம் இருந்தும் வெளிச்சம் இல்லையென்றால் உள்பல்பு போய்விட்டது. அந்தப் பல்புகள் தகட்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை; நிற உறையைக் கழற்றிப் புதிய பல்பின் மீது மாட்டினால்தான் பழைய பச்சை அல்லது ஆரஞ்சு ஒளி திரும்பும்.

பாட்டோடு எஞ்சின் வேகத்துக்கேற்ற ஊளைச் சத்தம் கலந்து, திரையும் நடுங்கினால், கறுப்பு ஒயர் தளர்ந்து ஆன்டெனா கேபிளின் உறை வழியாக ரேடியோ எர்த் தேடிக்கொண்டிருக்கலாம். கறுப்பு ஒயரை நல்ல போல்ட்டில் இறுக்குங்கள்.

எல்இடி போடலாமா

வெளிச்ச விளக்குகளுக்குப் போடலாம், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் திசை உண்டு; எரியவில்லை என்றால் ஹோல்டரில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் பழைய மின்தடை டிம்மர் அதைச் சரியாக மங்கச் செய்யாது. இரவு முழுவதும் கண் கூசும் மீட்டரை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டுவது நல்லதன்று. பேட்டரி எச்சரிக்கை விளக்கில் மட்டும் எல்இடி போடவே வேண்டாம். முன்னே சொன்ன ஆல்டர்னேட்டரின் தொடக்க மின்சாரம் அதன் வழியே போதிய அளவு செல்லாது.

மலைப்பாதையில் இரவில் அணைந்துவிட்டால்

வளைவில் நிறுத்தாதீர்கள். எதிரிலும் பின்னாலும் வருபவர்களுக்குத் தெளிவாகத் தெரியும் நேரான அகலமான இடம்வரை மெதுவாகப் போய் ஒதுங்கி, அபாய விளக்குகளைப் போடுங்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் தனி பியூஸ் இருப்பதால் அவை வேலை செய்யும். டெயில் பியூஸ் போயிருந்தால், சிகரெட் லைட்டர் போன்ற அவசியமற்ற இடத்திலிருந்து அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸை எடுத்துப் போடலாம். அதைப் போடுவதற்கு முன் ரேடியோவின் கப்ளரைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். அதுவும் உடனே போய்விட்டால் மூன்றாவதைப் போடாதீர்கள். பின்விளக்கு இல்லாமல் மூடுபனியில் இறங்குவதை விட, ஏற்காட்டிலேயே தங்கி விடிந்த பிறகு இறங்குவதே சரி.

எல்லாம் முடிந்து மூடியை மாட்டுவதற்கு முன்

பேட்டரியை இணைத்து, மீட்டர் இன்னும் ஸ்க்ரூ இறுக்காமல் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். சாவியைத் திருப்பி எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிவதைப் பாருங்கள். விளக்கு ஸ்விட்சை முதல் நிலையில் வைத்து டிம்மரை இரண்டு எல்லைகளுக்கும் உருட்டுங்கள். ரேடியோவைப் போட்டு, இண்டிகேட்டரையும் பிரேக்கையும் ஒருசேர இயக்கி, மீட்டர் வெளிச்சத்தில் ஏதேனும் நடுக்கம் தெரிகிறதா என்று கவனியுங்கள். பின்னால் நிற்க ஒருவரை அழைத்து, சிவப்பு விளக்கும் பிரேக் விளக்கும் தனித்தனியாக எரிவதை உறுதிசெய்யச் சொல்லுங்கள். டிக்கியை இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். எஞ்சினை ஓட்டிப் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் வருவதைப் பார்த்துவிட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிள் கொக்கி "டக்" என்று உட்கார்ந்ததை உறுதிசெய்து மூடியை இறுக்குங்கள்.